ஆளுக்கு இரண்டு

வெளியே சத்தம் போட்டது நீங்கள்தானே? நல்ல குரல், தம்பி. ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று வார்டுக்குக் கேட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை என்னிடம் அனுப்புங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னதே நான்தான். என்ன, அவர் தன்னுடைய யோசனை என்று சொன்னாரா? சொல்வார். நிர்வாகம் எப்போதும் அப்படித்தான். நம்முடைய யோசனையைத் தன்னுடையது என்று அறிவிக்கும்.

நில்லுங்கள், அங்கேயே நில்லுங்கள். கை கொடுக்க வராதீர்கள். வாசலுக்கு இடப்பக்கம் சுவரில் ஒரு புட்டி தொங்குகிறது பாருங்கள். இரண்டு அழுத்து. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும். நான் எண்ணுகிறேன். கட்டை விரலை விட்டுவிட்டீர்கள். எல்லோரும் கட்டை விரலைத்தான் விடுகிறார்கள். மறுபடியும். ம்... இப்போது அந்த அங்கியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். கட்டிலைத் தொட வேண்டாம்.

என் பெயர் மாசானமுத்து. தோழர் மாசானமுத்து. நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் செயலாளர். ஏழு வேலைநிறுத்தம், மூன்று கதவடைப்பு, பதினொரு தடவை சிறை. அதில் ஒரு தடவை என் அண்ணனைப் பிடிக்க வந்து என்னைப் பிடித்துவிட்டார்கள். இருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அதனால்தான் நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரி சொல்வாள், "உப்புக் கேட்டாக்கூட தீர்மானம் போட்ட மாதிரியே கேக்கீக" என்று.

எனக்கு ரத்தத்தில் புற்று. ஐந்து கீமோவில் மூன்று முடிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மில்லுக்குள் பஞ்சைத் தின்று பஞ்சை இருமியவன், இத்தனை நாள் இருந்ததே ஒரு வெற்றிதான்.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். உங்கள் அக்காவுக்கு மார்பில் புற்று, கீமோ, காய்ச்சல். பரிசோதித்தால் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. அதனால் பக்கத்து அறையில் தனியாக வைத்துவிட்டார்கள். கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். "நான் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், எங்க அக்கா என்ன கொலைகாரியா?" என்று கத்தினீர்கள். நியாயமான கோபம். ஆனால் முறையில்லாத போராட்டம். கோரிக்கை எழுதிக் கொடுத்தீர்களா? அவகாசம் கொடுத்தீர்களா? இல்லை. எடுத்த எடுப்பில் கூச்சல். இதே விவகாரத்தில் இதே அறையில் நான் ஒரு முழுப் போராட்டம் நடத்தி, பெரும்பாலும் வென்றிருக்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

போன மாதம் வரை நான் பொது வார்டில்தான் இருந்தேன். ஆறு கட்டில். எனக்கு மூன்றாம் நம்பர். நான்காம் நம்பரில் யார் தெரியுமா? ஞானதிரவியம்.

உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஊரில் கேட்டால் கைக்குழந்தை சொல்லும். எங்கள் மில்லில் மேஸ்திரி. எண்பத்து நான்காம் வருட வேலைநிறுத்தத்தில் அறுபத்து மூன்றாம் நாள், பின்வாசல் வழியாகப் பன்னிரண்டு பேரை உள்ளே கூட்டிப்போய் மிஷினை ஓட்டிய கருங்காலி. அன்றைக்கு நான் எழுதிய கோஷம் இன்னும் எங்கள் ஊர்ச் சுவரில் எங்காவது இருக்கும்: "பின்வாசல் ஞானதிரவியமே, முன்வாசலுக்கு வா!" அவன் கல்யாண ஊர்வலத்தில்கூட ஒரு பயல் அதைக் கத்தினான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

அந்த ஆள், தம்பி, முப்பத்தெட்டு வருடம் கழித்து, மொட்டைத் தலையோடு, பக்கத்துக் கட்டிலில். கழுத்தில் நெறிக்கட்டி, அதிலே புற்று. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"என்னவே, இங்கயும் போனஸ் கேட்டு வந்திட்டீரா?"

எனக்கு உயிரே வந்தது. உண்மையாகச் சொல்கிறேன். அதுவரை வார்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். "ஐயா எப்படி இருக்கீங்க, ஐயா தைரியமா இருங்க." பரிதாபம்! பரிதாபத்தை எதிர்த்து என்ன கோஷம் போட முடியும்? ஞானதிரவியம் வந்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்குச் செய்தித்தாள் வரும், ஏழே காலுக்குச் சண்டை தொடங்கும். எண்பத்து நான்கில் தொடங்கி இன்றைய பஞ்சு விலை வரை. மருந்து ஏற்ற வரும் நேரத்தில் மட்டும் இடைவேளை. ஒன்றாம் நம்பர்க் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்து, வாந்தியே நின்றுவிட்டது என்றார். அது மருந்தால் நின்றது என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் காய்ச்சல். மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், ஒரு டாக்டரம்மா வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி காய்ச்சலுக்கு, சளிக்கு என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க?"

அங்கேதான் நான் சங்கத்தின் மருந்துப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். பிஸ்கட் வந்த பெரிய தகரப் பெட்டி. சங்க அலுவலகத்தில் அலமாரிக்கு மேலே இருக்கும். என் சொந்த யோசனை. உறுப்பினர் யாருக்காவது காய்ச்சல், டாக்டர் பத்து நாளுக்கு மாத்திரை எழுதுவார். நாலு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். மீதி மாத்திரையை என்ன செய்வது? முதலாளி வீட்டில் என்றால் குப்பையில் போடுவான். எங்கள் விதி, மிச்சத்தைப் பெட்டியில் போட வேண்டும். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் பெட்டியிலிருந்து ஆளுக்கு இரண்டு. சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல் உண்டு, அதற்குத்தான் கிராக்கி. சளியா, ஆளுக்கு இரண்டு. பல்வலியா, ஆளுக்கு இரண்டு. ஒருவனுக்கு எழுதியது ஐந்து பேருக்கு! இருபத்தாறு வருடம் நடத்தினேன், தம்பி. நான் சொந்தமாக டாக்டரிடம் போனதே கிடையாது. எனக்கும் பெட்டிதான். எனக்கு மட்டும் செயலாளர் என்ற முறையில் சில சமயம் மூன்று.

டாக்டரம்மா எழுதினார், எழுதினார், பக்கத்தைத் திருப்பி எழுதினார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கெல்லாம் கால் பக்கம். என் வரலாற்றுக்கு ஒன்றே முக்கால் பக்கம். "வேண்டுமானால் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். வேண்டாம் என்றார். அடக்கமானவர்.

மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் அதே அடங்காத கிருமி. அன்று மதியமே என்னைக் கட்டிலோடு உருட்டி இந்த அறைக்குக் கொண்டுவந்தார்கள். கதவில் மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. "தனிமை." உள்ளே வருகிறவர்களெல்லாம் அங்கி, கையுறை. எனக்குச் சாப்பாட்டுத் தட்டு தனி, டம்ளர் தனி.

டம்ளர் தனி! யாரிடம்? எழுபத்தெட்டில் எங்கள் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததற்காக, கடை முன்னால் ஐந்து நாள் உட்கார்ந்து மண்டை உடைபட்டவனிடம்! இதோ பாருங்கள், புருவத்துக்கு மேல், ஏழு தையல். என் கோபம் எப்படி இருந்திருக்கும்? கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இது தீண்டாமை" என்றேன். மேடையில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

சிஸ்டர் பஞ்சவர்ணம், இப்போது உங்களை அனுப்பிய அதே ஆள்தான், ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தீண்டாமைன்னா தொடாம இருக்கிறது சார். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை உங்களைத் தொடுறேன். கையுறை போட்டுத் தொடுறேன். அதுக்குப் பேரு வேற. கையை ஆட்டாதீங்க."

கையை ஆட்டவில்லை. ஆனால் அதற்காகப் போராட்டத்தை நிறுத்த முடியுமா? வெப்பநிலை எழுதும் தாளின் பின்பக்கத்தில் கோரிக்கை எழுதினேன். கதவிலுள்ள தாளை அகற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டும். கஞ்சியில் உப்புப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னை என் மூன்றாம் நம்பர்க் கட்டிலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு மணி நேர அவகாசம். பதில் இல்லை. மறுநாள் காலை இட்லியைத் திருப்பி அனுப்பினேன். உண்ணாவிரதம் தொடங்கியது. நரம்பில் ஏறும் சொட்டு மருந்தை மட்டும் அனுமதித்தேன். அது கோட்பாட்டுக்கு முரணல்ல.

மதியம் கஞ்சியையும் திருப்பி அனுப்பினேன். டாக்டரம்மா வந்து கெஞ்சினார். பெரிய டாக்டர் வந்து மிரட்டினார். மூன்று மணிக்கு ஒரு முடிவெடுத்தேன். இவர்களிடம் கேட்டு என்ன, நாமே போய்விடுவோம். சிவப்புத் துண்டைச் சொட்டு மருந்துக் கம்பியின் உச்சியில் கட்டினேன். கம்பிக்குக் கீழே சக்கரம் உண்டு, தள்ளினால் உருளும். கொடியோடு புறப்பட்டேன். ஒரே ஒரு ஆள் ஊர்வலம். இருந்தாலும், வழியில் துடைப்பத்தோடு நின்ற அம்மா ஒதுங்கி வழி விட்டார். மரியாதை!

வார்டு வாசலில் சிஸ்டர் பஞ்சவர்ணம். தடுப்பார் என்று பார்த்தேன். தடுத்தால் எனக்கு வசதி. தடுத்தால் எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியும். அந்தம்மா நகர்ந்து நின்றுகொண்டார்.

"நான் தடுக்கல சார். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அவருக்கு இன்னைக்கு வெள்ளை அணு இருநூறு. நல்லா இருக்கிறவங்களுக்கு நாலாயிரமாவது இருக்கணும். உங்க கிருமிக்குப் பதினாலு மருந்து வச்சுப் பார்த்தாங்க. பதிமூணுக்கு அது சாகல. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதுதான் இப்ப உங்களுக்கு ஏறுது. அந்த மருந்தை அவரோட கிட்னி தாங்காது. அப்போ அவருக்குன்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. இப்ப போங்க."

கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான்காம் நம்பர்க் கட்டிலில் அவன். அரைக்கிலோ எலும்பு, அதன்மேல் ஒரு போர்வை. என்னைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்துபோயிற்று, தம்பி. எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறான்.

"ஏ மாசானம்! முன்வாசல்ல வந்து நின்னுக்கிட்டு என்னவே யோசனை? உள்ள வாரும்! பஞ்சு விலை ஏறியிருக்கு, உம்ம வாயைப் பூட்டுதேன்!"

அந்தக் கை. முப்பத்தெட்டு வருடம் நான் "ஒழிக" என்று கத்திய பெயருக்குச் சொந்தமான கை. போய் அதைப் பிடித்தால் போதும், கோரிக்கை நிறைவேறிவிடும்.

மில் வாசல், கலெக்டர் ஆபீஸ் வாசல், சிறை வாசல் என்று எத்தனையோ வாசலைப் பார்த்தவன் நான். ஒன்றிலும் நின்றதில்லை. அங்கே நின்றேன். கைப்பிடியில் வைக்கப்போன கையை எடுத்து வேட்டியில் துடைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை.

"என்ன, பயமா?" என்கிறான் உள்ளேயிருந்து.

"உம்ம மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலவே!" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். தந்திரோபாயப் பின்வாங்கல் என்று ஒன்று உண்டு. நான் அதைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு வெளியீடே போட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் வந்துவிட்டது. உண்ணாவிரதத்தை எப்படி முடிப்பது? சும்மா சாப்பிட்டு முடிக்க முடியாது, தம்பி. யாராவது பழச்சாறு கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஆள் கொடுத்தால் வெற்றி. நம் ஆள் கொடுத்தால் சமரசம். நாமே எடுத்துக் குடித்தால் ஊர் சிரிக்கும். நானோ பசியில் துவண்டுபோய்க் கிடக்கிறேன். சிஸ்டரிடம் ஜாடையாகச் சொன்னேன். அவர், "பிழிஞ்ச ஜூஸ் உங்களுக்கு ஆகாது. பச்சையா எதுவும் கிடையாது. ரசம் தரட்டுமா?" என்கிறார். ரசம்! ரசம் கொடுத்து முடிந்த உண்ணாவிரதம் இந்த நாட்டு வரலாற்றில் உண்டா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தட்டு வந்தது. தட்டில் மூடி உடைக்காத மாம்பழச்சாறு டப்பா ஒன்று, மேலே ஒரு சீட்டு. நடுங்குகிற எழுத்து. "தோழர் மாசானமுத்து அவர்கள் உண்ணாவிரதத்தைக் கைவிடுமாறு நிர்வாகத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். ஞானதிரவியம், மேஸ்திரி, ஓய்வு."

சிஸ்டர் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் ஏன் திரும்பினேன் என்பதையும்.

நிர்வாகம் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டது, தம்பி! எழுத்துமூலம்! அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழாய் வைத்துக் குடித்தேன். ஒரே மூச்சு.

அன்றைக்கு சிஸ்டர் வேலை முடிந்தும் பத்து நிமிடம் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தார். கிருமியைப் பற்றி நான்தான் கேட்டேன். எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அவர் சொன்னார், "பாதி மருந்து சாப்பிட்டு நிறுத்தினா சோப்ளாங்கிக் கிருமி சாகும் சார். கெட்டிக்காரக் கிருமி மிஞ்சும். மிஞ்சினது பெருகும். அது மட்டுமில்ல, எப்படித் தப்பிச்சேன்னு பக்கத்துக் கிருமிக்குச் சீட்டு எழுதிக் குடுக்கும். அது வேற இனமா இருந்தாலும் குடுக்கும்."

நான் அசந்துபோனேன். துண்டறிக்கை! கிருமிகள் துண்டறிக்கை விநியோகிக்கின்றன! எண்பத்து நான்கில் எங்களுக்கும் அதேதானே நடந்தது? நானூறு பேரில் நாற்பது பேரை மட்டும் வேலைநீக்கம் செய்தான் முதலாளி. பயந்தவனெல்லாம் ஓடினான். மிஞ்சியவன் இரும்பானான். அரைகுறையாக அடித்த அடிதான் என்னைச் செயலாளர் ஆக்கியது. அந்தக் கிருமிமேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

"அரைகுறையா அடிச்சது யாரு?" என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "ஒருத்தரைச் சொல்ல முடியுமா சார்? ஊரே அடிச்சது. ஆஸ்பத்திரியும் அடிச்சது" என்றார். நல்ல பெண். கிளம்பும்போது, "அந்தத் தகரப் பெட்டி இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது என்றேன். அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கொசு. ஜன்னல் திறக்காத அறைதான், இருந்தாலும் கொசு.

போராட்டத்தின் பலன்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கதவிலிருந்த தாளை அகற்றினார்கள். அகற்றி, புதிதாகப் பெரிய எழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கிழியவே கிழியாது. செய்தித்தாள் கிடைத்தது. உள்ளே வரும், வெளியே போகாது. உப்புப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஞானதிரவியத்துடன் தினமும் ஏழே காலுக்குத் தொலைபேசியில் சண்டை. கடைசி மருந்தைப் பதினான்கு நாளும் ஏற்றிக்கொண்டேன். ஒன்பதாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. விட்ட பிறகு, மீதி ஐந்து நாளையும் போடுங்கள், ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது என்று நானே நின்று வாங்கினேன். அதைக் கோரிக்கையாகவே எழுதிக் கொடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் முழுமையாக ஏற்றுக்கொண்டார்கள். கிருமி இன்னும் என் குடலில் குடியிருக்கிறதாம், அதனால்தான் இந்த அறை. இருக்கட்டும். பதினான்கு மருந்துக்கு ஒன்று பாக்கி என்ற நிலையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போனால் அங்கே யார் யார் இருக்கிறார்கள்? குழந்தை இருக்கிறதா? எத்தனை மாதம்? எட்டா?

ம்.

கையெழுத்தை அப்புறம் போடலாம். முதலில் அக்காவிடம் போய், பக்கத்து அறையில் ஒரு கிழவன் இருக்கிறான், சண்டைக்கு ஆள் தேடுகிறான் என்று சொல்லுங்கள். சுவரைத் தட்டினால் எனக்குக் கேட்கும். நானும் தட்டுவேன். இரண்டு பேர் இருந்தால் சங்கம் அமைத்துவிடலாம். உப்புக் கோரிக்கைக்கு ஆதரவு தேவைப்படுகிறது.

போகிற வழியில் எனக்கு ஒரு உதவி. ஞானதிரவியத்துக்கு வெள்ளை அணு மூவாயிரத்து நூறு. இன்று பன்னிரண்டு மணிக்கு அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கீழே வராந்தாவில் உட்கார்ந்திருப்பான், மொட்டைத் தலை, வெள்ளைச் சட்டை, யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பான். மேசைமேல் ஒரு உறை இருக்கிறது பாருங்கள். அதில் ஒரு சாவி. சிஸ்டர் மருந்தில் ஊற வைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார், பயப்படாதீர்கள். சங்க அலுவலகச் சாவி. முப்பத்தொரு வருடம் என் அரைஞாண் கயிற்றில் கிடந்தது. நிர்வாகத்து ஆள் ஒருவன்கூட அந்தப் படியை மிதித்ததில்லை.

அவனிடம் கொடுத்து, அலமாரிக்கு மேலே தகரப் பெட்டி இருக்கிறது, அதை எடுத்துவந்து சிஸ்டர் பஞ்சவர்ணத்திடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. யார் கேட்டாலும். ஏன் என்று கேட்டால் பெட்டி துருப்பிடித்துவிட்டது என்று சொல்லுங்கள். துருதான். வேறொன்றும் இல்லை.

எழுந்துவிட்டீர்களா? அங்கியை அந்தத் தொட்டியில் போடுங்கள். கையைக் கழுவுங்கள். கட்டை விரல், தம்பி, கட்டை விரல்! ஆ, அப்படித்தான். இப்போது உறையை எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுங்கள் அவனிடம். அலுவலகத்துக்குப் பின்பக்கமும் ஒரு கதவு உண்டு, பூட்டு கிடையாது, அது அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டாம். சாவி கொடுத்திருக்கிறேன். முன்வாசலைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.